கால் கோலுக்கு எங்கே போவது?

இரண்டு இதழ்களுக்கு முன் வேறு ஏதோ ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, நான் ஒன்பது வருடம் ஒரு பந்தய நிறுவனத்தில் கணக்குத் தீர்க்கும் பிரிவில் இருந்தவள் என்று போகிற போக்கில் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து வரும் கடிதங்களில் பாதி கால்பந்து ஹேண்டிகேப் பற்றியவை. ஆட்டம் முடிந்ததும் யாருக்கு எவ்வளவு போய்ச் சேர வேண்டும் என்று சரிபார்ப்பதும், "ஏன் இவ்வளவுதான் வந்திருக்கு?" என்று போனில் கத்துகிறவர்களுக்கு நிதானமாக விளக்குவதும்தான் என் வேலையாக இருந்தது. ஆகவே இந்த முறை முழுக்க அதுவே. எதில் கட்டினால் ஜெயிக்கலாம் என்று கேட்டு வந்தவற்றை மட்டும் தனியாக எடுத்து வைத்துவிட்டேன். அதற்கு என்னிடம் பதில் கிடையாது.

என் மைத்துனர் பணம் கட்டிய அணி ஜெயித்துவிட்டது. ஆனால் பணம் போய்விட்டது என்கிறார். பொய் சொல்கிறாரா, ஏமாந்துவிட்டாரா? — ஆர்.எம்.

மைத்துனரைச் சந்தேகப்படாதீர்கள். ஓட்டப்பந்தயத்தில் சின்னப் பையனைப் பத்தடி முன்னால் நிறுத்தி ஓடச் சொல்வோம் இல்லையா, அதுதான் ஹேண்டிகேப். பலமான அணிக்குக் கணக்கில் சில கோல்கள் கழிக்கப்படும், அல்லது பலவீனமான அணிக்குக் கூட்டப்படும். மைதானத்தில் இருக்கும் 22 பேருக்கும் இதில் சம்பந்தம் இல்லை. அவர்கள் 0–0 என்றுதான் ஆடத் தொடங்குகிறார்கள். பந்தயச் சீட்டில்தான் வேறு ஸ்கோர்.

ஒரே ஓர் உதாரணத்தை வைத்துக்கொண்டு முழுக் கதையையும் சொல்லிவிடலாம். 2010 உலகக் கோப்பை. தென்னாப்பிரிக்கா. ஸ்பெயின் சாம்பியன். ஏழு ஆட்டங்கள் ஆடி மொத்தம் போட்ட கோல் எட்டே எட்டு. முதல் ஆட்டத்தில் சுவிட்சர்லாந்திடம் 0–1 என்று தோல்வி. பிறகு ஹோண்டுராஸை 2–0, சிலியை 2–1. நாக் அவுட்டில் போர்ச்சுகல் 1–0, பராகுவே 1–0, ஜெர்மனி 1–0. இறுதி ஆட்டத்தில் நெதர்லாந்தும் 1–0.

இப்போது உங்கள் மைத்துனர் அந்த ஏழு ஆட்டத்திலும் "ஸ்பெயின் மைனஸ் 1.5" என்று கட்டியிருந்தால்? ஸ்பெயின் கணக்கிலிருந்து ஒன்றரை கோலைக் கழிக்க வேண்டும். 1–0 என்பது மைனஸ் அரைக்குப் பூஜ்யம் ஆகிவிடும். தோல்வி. இரண்டு கோல் வித்தியாசத்தில் ஜெயித்தால்தான் பணம். ஏழில் அப்படி ஜெயித்தது ஹோண்டுராஸ் ஆட்டம் ஒன்றுதான். உலகக் கோப்பையைத் தூக்கிய அணியின் மேல் கட்டி, ஏழில் ஆறு தோற்றிருப்பார். வெளியே சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். நீங்களும் நம்பவில்லை பாருங்கள்.

அரை கோல்கூடப் புரிகிறது. 0.25, 0.75 என்று போட்டிருக்கிறார்களே, கால் கோல் எப்படி அடிப்பது? — கல்லூரி மாணவன்

எனக்கு வந்த போன்களில் பத்துக்கு எட்டு இதற்காகத்தான் வரும். கால் கோல் என்று ஒன்று கிடையாது. உங்கள் பணம் இரண்டாகப் பிரிகிறது, அவ்வளவுதான்.

ஒருவர் ஞாபகம் வருகிறது. குரலை வைத்துப் பார்த்தால் அறுபது வயதிருக்கும். 100 கட்டியிருந்தார். ஆட்டம் டிரா. 50 திரும்பி வந்திருந்தது. "முழுசா போயிருந்தா போகட்டும்னு விட்டிருப்பேன். முழுசா வந்திருந்தாலும் சரி. இது என்னம்மா பாதி?" என்றார். பென்சில் இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது. சீட்டின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு போடச் சொன்னேன். "இந்தப் பக்கம் 50, அந்தப் பக்கம் 50 எழுதுங்க. நீங்க வாங்கினது மைனஸ் 0.25. அதுக்கு இரண்டு பக்கமும் என்ன அக்கம்பக்கத்து எண்? பூஜ்யமும் மைனஸ் 0.5-ம். இடது பக்கம் பூஜ்யம்னு எழுதுங்க, வலது பக்கம் மைனஸ் 0.5." எழுதும் சத்தம் போனில் கேட்டது. "இப்ப ஆட்டம் டிரா. பூஜ்யத்தில் டிரா ஆனா பணம் திரும்பும். மைனஸ் அரையில் டிரா ஆனா தோல்வி." கொஞ்ச நேரம் மௌனம். பிறகு, "அப்ப நான் ரெண்டு சீட்டு வாங்கியிருக்கேன்" என்றார். ஒன்பது வருடத்தில் யாரும் அதைவிடச் சுருக்கமாகச் சொன்னதில்லை. அதன் பிறகு வந்த எல்லோரிடமும் நான் அவர் வாக்கியத்தைத்தான் திருப்பிச் சொன்னேன்.

எல்லாக் கால் கணக்கும் இப்படித்தான். 0.75 என்றால் பாதிப் பணம் 0.5-ல், பாதி 1-ல். 1.25 என்றால் பாதி 1-ல், பாதி 1.5-ல். முழு எண்ணில் நிற்கும் பாதிக்கு மட்டும் "சமம், பணம் வாபஸ்" என்ற வாய்ப்பு உண்டு. அரையில் நிற்கும் பாதிக்கு ஜெயிப்பு, தோல்வி இரண்டுதான்.

மறுபடி ஸ்பெயினுக்கு வருகிறேன். ஆட்ஸ் 1.90 என்று வைத்துக்கொள்வோம். அதாவது 100 கட்டி ஜெயித்தால் 190 கைக்கு வரும், லாபம் 90. (மைனஸ் 0.5, மைனஸ் 1 என்ற இந்த ஹேண்டிகேப் எண்ணைத்தான் கோடு என்பார்கள். எல்லாக் கோட்டுக்கும் ஒரே ஆட்ஸ் யாரும் தரமாட்டார்கள். கோடு எளிதானால் ஆட்ஸ் இறங்கும். கணக்குப் புரிவதற்காகத்தான் இந்த 1.90.) ஏழு ஆட்டத்துக்கும் தலா 100. மைனஸ் 0.5 வாங்கியவருக்கு ஐந்து ஜெயிப்பு, இரண்டு தோல்வி, முடிவில் 250 லாபம். மைனஸ் 0.75 வாங்கியவருக்கு ஒரு கோல் வித்தியாசத்தில் முடிந்த நான்கு ஆட்டத்திலும் பாதி ஜெயிப்பு, பாதி வாபஸ். ஆட்டத்துக்கு 45 என்று சேர்ந்து, மற்றதைக் கூட்டிக் கழித்தால் 70 லாபம். மைனஸ் 1 என்றால் அந்த நான்கிலும் போட்ட பணம் அப்படியே திரும்பும். மொத்தத்தில் 110 நஷ்டம். மைனஸ் 1.25 என்றால் அந்த நான்கிலும் பாதிப் பணம் போகும், நஷ்டம் 310. மைனஸ் 1.5-ல் நஷ்டம் 510.

அதே ஏழு ஆட்டம். அதே கோல்கள். ஒருவர் 250 லாபத்தோடு எழுந்து போகிறார், பக்கத்து நாற்காலிக்காரர் 510 கடனோடு. நடுவில் இருப்பது ஒரே ஒரு கோல்.

நாலு ஒரு கோல் ஆட்டம் என்கிறீர்கள். சிலி, போர்ச்சுகல், பராகுவே, ஜெர்மனி, நெதர்லாந்து என்று எண்ணினால் ஐந்து வருகிறதே?

இந்தக் கேள்வியை எழுதியது யாருமில்லை, நானே. ஆனால் அந்தக் கணக்கைப் படித்ததும் உங்களில் பத்துப் பேராவது எழுதுவீர்கள் என்று தெரியும்.

இறுதி ஆட்டத்தில் இனியெஸ்டா கோல் போட்டது 116-வது நிமிடத்தில். கூடுதல் நேரத்தில். பந்தயச் சீட்டுக்கு அது கண்ணில் படாத கோல். வேறு விதமாகச் சீட்டில் எழுதியிருந்தால் ஒழிய, கணக்கு 90 நிமிடத்தோடும் நடுவர் அதன்மேல் சேர்த்துத் தரும் இஞ்சுரி டைமோடும் முடிந்துவிடும். 90 நிமிட முடிவில் ஸ்கோர் 0–0. ஆகவே மைனஸ் 0.5 வாங்கியவருக்கும் அது தோல்விதான்.

அது நான் வேலையில் சேர்ந்த பிறகு வந்த முதல் உலகக் கோப்பை. அன்று இரவு போனை வைக்க முடியவில்லை. பின்னணியில் வெடிச் சத்தம், கூச்சல், ஆட்டம் பாட்டம். நடுவே, "ஸ்பெயின் ஜெயிச்சிடுச்சே, என் பணம் எங்கே?" நாலு வருடம் கழித்து 2014 இறுதி ஆட்டத்திலும் அதே கதை. ஜெர்மனிக்காக கோட்சே கோல் போட்டது 113-வது நிமிடம். 2022-ல் நான் அங்கே இல்லை. ஆனால் டிவியில் பார்த்துக்கொண்டே அந்த இருக்கையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணை நினைத்துப் பரிதாபப்பட்டேன். அர்ஜென்டினா 79-வது நிமிடம் வரை 2–0. எம்பாப்பே 80-ல் ஒன்று, 81-ல் ஒன்று. 90 நிமிட முடிவில் 2–2. அதன் பிறகு மெஸ்ஸி போட்டது, எம்பாப்பே மறுபடி போட்டது, பெனால்டி, கோப்பை எல்லாம் சரித்திரத்துக்குத்தான். சீட்டுக்கு இல்லை.

இஞ்சுரி டைம் மட்டும் சேரும், மறக்காதீர்கள். 1999 சாம்பியன்ஸ் லீக் இறுதியில் பேயர்ன் மியூனிக் 6-வது நிமிடத்திலிருந்து 1–0. இஞ்சுரி டைமில் ஷெரிங்ஹாம் ஒன்று, சோல்ஷார் ஒன்று, மான்செஸ்டர் யுனைடெட் 2–1. "டிரா ஆனாலும் பரவாயில்லை" என்று பேயர்னைப் பிளஸ் 0.5-ல் வாங்கியவருக்கும் ஒன்றும் மிஞ்சியிருக்காது.

சேம் சைடு கோல் கணக்கில் சேருமா? — எஸ்.வி.

சேரும். யார் கால் என்று வலை கேட்பதில்லை.

ஆசியன் ஹேண்டிகேப் என்கிறார்களே, ஆசியாவுக்கும் இதற்கும் என்ன உறவு? — பி.கே.

இந்தோனேசியாவில் புழங்கிய முறை இது. அங்கே அதை "ஹாங் செங்" என்பார்கள். 1998 நவம்பரில் இந்தோனேசியப் புக்கி (பந்தயம் நடத்துபவர்) ஒருவர் இதற்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் வேண்டும் என்று கேட்க, பிரிட்டிஷ் பத்திரிகையாளர் ஜோ சௌமாரஸ் ஸ்மித் "ஆசியன் ஹேண்டிகேப்" என்று வைத்தார். பெயர் நின்றுவிட்டது.

ஹேண்டிகேப் என்ற சொல்லின் கதை அதைவிட ருசியானது. பழைய இங்கிலாந்தில் இரண்டு பேர் பொருள் மாற்றிக்கொள்ளும்போது, எது எவ்வளவு மதிப்புக் குறைவு, அதற்கு ஈடாக எவ்வளவு மேலே தர வேண்டும் என்று மூன்றாவது ஆள் ஒருவர் சொல்வார். சம்மதமா இல்லையா என்பதைத் தொப்பிக்குள் விட்ட கையை வெளியே எடுத்துக் காட்டித் தெரிவிக்க வேண்டும். தொப்பிக்குள் கை. அதுதான் பெயர். அங்கிருந்து குதிரைப் பந்தயத்துக்குப் போய், வேகமான குதிரைமேல் கூடுதல் எடை ஏற்றுவதற்குப் பெயராயிற்று. கால்பந்துக்கு வந்தபோது எடை கோலாக மாறிவிட்டது. அந்த மூன்றாவது ஆளும் இன்னும் இருக்கிறார். இப்போது கொஞ்சம் கமிஷன் எடுத்துக்கொள்கிறார்.

எவ்வளவு கமிஷன்? இரண்டு பக்கமும் சமம் என்றால் கம்பெனிக்கு என்ன லாபம்? — அதே பி.கே.

சரியான இடத்தில் பிடித்தீர்கள். நாணயம் சுண்டுவதுபோல் இரண்டு பக்கமும் பாதிக்குப் பாதி என்றால், நியாயமான ஆட்ஸ் 2.00. நூறுக்கு இருநூறு. ஆனால் உங்களுக்குக் கொடுப்பது 1.90. ஒருவர் இந்தப் பக்கம் 100, இன்னொருவர் அந்தப் பக்கம் 100. வந்தது 200. ஜெயித்தவருக்கு 190. பத்து மேசையிலேயே தங்கிவிட்டது. யார் ஜெயித்தார் என்பது பற்றிக் கம்பெனிக்குக் கவலையே இல்லை.

உங்கள் பக்கத்திலிருந்து பாருங்கள். 100 முறை தலா 100 கட்டுகிறீர்கள், முழு ஜெயிப்பு அல்லது முழுத் தோல்வி மட்டும் என்று வைத்துக்கொள்வோம். 52 முறை சரியாகச் சொன்னால்? 4680 வரும், 4800 போகும். பாதிக்கு மேல் சரியாகச் சொல்லியும் 120 நஷ்டம். 53-ல்தான் தலை தண்ணீருக்கு மேல் வரும், அதுவும் 70 லாபத்தோடு. ஆட்ஸ் 1.95 என்றால் 52 போதும்.

ஹேண்டிகேப்பை ஆதரிக்கிறவர்கள், ஜெயிப்பு-டிரா-தோல்வி என்று மூன்று பக்கம் உள்ள பந்தயத்தைவிட இதில் பிடித்தம் குறைவு என்பார்கள். பெரும்பாலும் உண்மைதான். குறைந்த பிடித்தத்தோடு நிறைய முறை கட்டினால் என்ன ஆகும் என்பதை மட்டும் சேர்த்துச் சொல்லமாட்டார்கள். கோடு அணிகள் இரண்டையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவரும். உங்களையும் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவரையும் கொண்டுவராது. நான் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவள் என்பதால் சொல்கிறேன்.

யூரோப்பியன் ஹேண்டிகேப் வேறா?

வேறு. அதில் எப்போதும் முழு எண்தான், டிராவும் ஒரு தனிப் பந்தயம். மைனஸ் 1 வாங்கி ஒரு கோலில் ஜெயித்தால் ஆசியனில் பணம் வாபஸ், யூரோப்பியனில் தோல்வி. கட்டும் முன் தலைப்பில் எது எழுதியிருக்கிறது என்று ஒருமுறை பார்த்தால் பாதிச் சண்டை குறையும்.

கம்பெனி ஓர் அணிக்கு மைனஸ் 2 என்று போட்டால், அது இரண்டு கோலில் ஜெயிக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்? — "புள்ளியியல் பிரியை"

புனைபெயருக்குப் பொருந்தாத கேள்வி! கோடு ஜோசியம் கிடையாது. இங்கே நிறுத்தினால் பணம் இரண்டு பக்கமும் ஏறத்தாழ சமமாக வரும், வாய்ப்பும் ஏறத்தாழ சமம் என்ற ஒரு மதிப்பீடு. அணிகளின் பலம், யார் சொந்த மைதானம், யாருக்குக் காயம், யார் சஸ்பெண்ட் என்பதெல்லாம் போட்டு, ஒவ்வொரு அணியும் சராசரியாக எத்தனை கோல் போடும் என்று முதலில் கணிப்பார்கள். அதிலிருந்து 0–0, 1–0, 1–1 என்று ஒவ்வொரு ஸ்கோருக்கும் வாய்ப்பு எவ்வளவு என்று விரிப்பார்கள். 1997-ல் டிக்ஸன், கோல்ஸ் என்ற இரண்டு புள்ளியியலாளர்கள் எழுதிய கட்டுரை இந்தத் துறையில் எல்லோரும் காட்டும் ஒன்று. சராசரியிலிருந்து ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் வாய்ப்பைச் சொல்லும் பாய்சான் கணக்கை அப்படியே போட்டால் 0–0, 1–0, 0–1, 1–1 என்ற நான்கு சின்ன ஸ்கோர்களில் பிசகுகிறது என்று அதைத் திருத்தினார்கள் அவர்கள். கால் கோல், அரை கோல் கோடுகளில் உங்கள் பணம் எந்தப் பக்கம் விழும் என்பதைப் பல நாள் தீர்மானிப்பது இந்த நாலு ஸ்கோர்கள்தான் என்று கவனித்தீர்களா? கூடைப்பந்துபோல் நூறு புள்ளி விளையாட்டில் அரைப் புள்ளி தூசு. கால்பந்தில் 2010 உலகக் கோப்பை முழுவதிலும் 64 ஆட்டத்தில் 145 கோல். ஆட்டத்துக்கு இரண்டேகால். அதில் அரை கோல் என்பது மலை.

பிறகு பணம் வர ஆரம்பிக்கும். ஒரே பக்கம் குவிந்தால் அந்தப் பக்கம் 1.90 என்பது 1.80 ஆகும், மறுபக்கம் 2.00 ஆகும். அதற்கும் மசியவில்லை என்றால் கோடே நகரும். ஆகவே ஆட்டம் தொடங்கும் முன் நீங்கள் பார்ப்பது பாதி கணிதம், பாதி கூட்டத்தின் மனசு.

கூட்டம் தவறும். கணிதமும் தவறும். 2022 நவம்பர் 22, அர்ஜென்டினாவும் சவூதி அரேபியாவும். முதல் பாதியில் மெஸ்ஸி பெனால்டியில் ஒரு கோல். அதன்பின் மூன்று முறை பந்து சவூதி வலைக்குள் போனது, மூன்றும் ஆஃப்சைடு. இரண்டாம் பாதியில் 48-ல் ஒன்று, 53-ல் ஒன்று, சவூதி 2–1. சவூதியைப் பிளஸ் 2-ல் ஒருவர் வாங்கியிருந்தால் அவர் சீட்டில் 4–1. எந்தக் கோடும் அவசியமே இல்லாத நாள் அது.

ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போது கட்டினால்? 0–2 என்று இருக்கும்போது தோற்கிற அணிமேல் பூஜ்யம் ஹேண்டிகேப் என்று காட்டுகிறதே, யாராவது முட்டாள்தனமாகக் கட்டுவார்களா? — டி.என்.

கட்டுவார்கள், முட்டாள்தனமும் இல்லை. ஆட்டத்தின் நடுவில் வாங்கும் ஆசியன் ஹேண்டிகேப்பில், நீங்கள் கட்டிய நொடியில் ஸ்கோர் 0–0 ஆகிவிடும். அதற்கு முன் விழுந்த கோல்கள் உங்களுக்கு இல்லை.

2005 இஸ்தான்புல். சாம்பியன்ஸ் லீக் இறுதி. இடைவேளையில் ஏசி மிலான் 3, லிவர்பூல் 0. இடைவேளையில் ஒருவர் லிவர்பூலைப் பூஜ்யம் ஹேண்டிகேப்பில் வாங்கியிருந்தால் அவருக்கு லிவர்பூல் மூன்று கோல் பின்னால் இல்லை, சமமாக நிற்கிறது. 54, 56, 60-வது நிமிடங்களில் மூன்று கோல். 90 நிமிட ஸ்கோர் 3–3. உலகத்துக்கு டிரா, அவர் சீட்டில் லிவர்பூல் 3–0. பெனால்டிக்குக் காத்திராமல் தூங்கப் போயிருக்கலாம். இதைச் சொன்னால் போனில் பலர் நம்பமாட்டார்கள். விதிகள் பக்கத்தைத் திறந்து வாசித்துக் காட்டுவேன்.

இதிலும் தில்லுமுல்லு உண்டா?

உண்டு. ஹேண்டிகேப் அதற்கு ஒரு வசதியான வழியைத் திறந்துவிட்டது. ஓர் ஆட்டக்காரரிடம் போய் "தோற்றுப்போ" என்பது கஷ்டம். "மூணு கோலில் ஜெயிக்க வேண்டாம், ஒண்ணோடு நிறுத்திக்கோ" என்பது அவர் மனசாட்சிக்கு லேசாக இருக்கும். அணி ஜெயிக்கிறது, ரசிகர்கள் கைதட்டுகிறார்கள், கோட்டுக்கு அந்தப் பக்கம் கட்டியவன் மட்டும் சிரிக்கிறான்.

ஆட்டக்காரரே தேவைப்படாத கதையும் ஒன்று உண்டு. 1997 நவம்பர் 3, லண்டனில் வெஸ்ட் ஹாமும் கிரிஸ்டல் பேலஸும். லாம்பார்ட் கோல் போட்டு 2–2 ஆக்கிய கையோடு மைதான விளக்குகள் அணைந்துவிட்டன. ஆட்டம் ரத்து. அதே வருடம் டிசம்பர் 22, விம்பிள்டன்–ஆர்செனல், 0–0, இரண்டாம் பாதி தொடங்கியதும் இருட்டு. ஆசியாவின் சில பந்தயச் சந்தைகளில் அப்போது ஒரு விதி: இரண்டாம் பாதி தொடங்கிய பிறகு ஆட்டம் நின்றால், அந்த நேரத்து ஸ்கோரே முடிவு. கணக்குக்குச் சாதகமான ஸ்கோர் வந்ததும் சுவிட்சைத் தட்டினால் போதும். 1999-ல் சார்ல்டன்–லிவர்பூல் ஆட்டத்துக்கு இதே திட்டம் போட்டபோது, விலைக்கு வாங்கிய காவலாளி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காததால் மாட்டிக்கொண்டார்கள், சிறைக்கும் போனார்கள். ஆட்டம் நின்றால் என்ன ஆகும் என்ற ஒற்றை வரியை யாரும் படிப்பதில்லை. அந்த வரியை நம்பித்தான் அத்தனை வயரையும் இழுத்தார்கள்.

என் கணவர், "இது சூதாட்டம் மாதிரி இல்லை, ஹேண்டிகேப்பில் பாதிப் பணம் எப்படியும் திரும்பி வந்துவிடும்" என்கிறார். வீட்டில் பணம் குறைந்துகொண்டே போகிறது. எப்படிப் பேசுவது? — பெயர் வேண்டாம்

சகோதரி, கடைசிவரை தள்ளி வைத்துவிட்டேன் உங்கள் கடிதத்தை. அவசரத்தில் எழுத மனம் வரவில்லை.

முதலில், இது சூதாட்டம்தான். பாதி திரும்பும் என்பது கால் கோல் கோட்டில் குறிப்பிட்ட ஸ்கோர் வந்தால் மட்டும். மைனஸ் 0.25 வாங்கி அணி தோற்றால் முழுப் பணமும் போகும். அடுத்தது, அந்தப் பாதி உங்கள் வீட்டுக்கு வருவதில்லை. அவருடைய பந்தயக் கணக்கில் போய் உட்காருகிறது. அடுத்த ஆட்டம் இருபது நிமிடத்தில். நான் பார்த்த கணக்குகளில் பாதி வாபஸ் வந்த பணம் அன்றைக்கே வெளியே போனது அபூர்வம். முழுக்கத் தோற்றவன் அன்றிரவு போனை மூடி வைத்துவிடுவான். பாதி வந்தவன் மூடமாட்டான். அவன் மனசில் அது தோல்வியாகவே பதியவில்லை.

அவரிடம் ஜெயித்த கதை, தோற்ற கதை கேட்காதீர்கள். அந்தப் பேச்சில் அவர்தான் ஜெயிப்பார், நடுவரும் காயமும் இஞ்சுரி டைமும் துணைக்கு வரும். வங்கிக் கணக்கை எடுத்து வைத்துக்கொண்டு இரண்டே பத்தி போடுங்கள். பந்தயக் கணக்குக்குப் போனது, அங்கிருந்து வங்கிக்குத் திரும்பியது. மூன்று மாதம். கோல், கோடு, ஆட்ஸ் எதுவும் அதில் வரக் கூடாது. கூட்டலை அவரையே போடச் சொல்லுங்கள்.

கடனை நீங்கள் ரகசியமாக அடைக்காதீர்கள். அது அவர் கைக்கு இன்னொரு சீட்டாகத்தான் போய்ச் சேரும். உரிமம் பெற்ற நிறுவனங்கள் பலவற்றில் "என்னை உள்ளே விடாதே" என்று அவரே எழுதிக் கொடுத்துக் கணக்கைப் பூட்டும் வசதி உண்டு. உரிமம் இல்லாத இடமென்றால் ஆபத்து இரட்டிப்பு. இதில் சட்டம் நாட்டுக்கு நாடு வேறு, பல இடங்களில் கட்டுவதே குற்றம், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் சூதாட்டக் கோளாறு இருக்கிறது. மனநல மருத்துவரிடம் போவதில் வெட்கம் வேண்டாம். கேம்ப்ளர்ஸ் அனானிமஸ் என்ற அமைப்பு 1957-லிருந்து பல நாடுகளில் கூட்டம் நடத்துகிறது. குடும்பத்தாருக்குத் தனியாகக் கேம்-அனான் என்று ஒன்று உண்டு. அவர் வராவிட்டாலும் நீங்கள் போகலாம்.

மறுபடி எழுதுங்கள். பெயர் வேண்டாம் என்றே எழுதுங்கள், எனக்குக் கையெழுத்து ஞாபகம் இருக்கும்.

நீங்கள் கட்டியதே இல்லையா? உண்மையைச் சொல்லுங்கள். — மூன்று பேர், தனித்தனியாக

வேலை பார்த்த இடத்தில் ஊழியர்கள் கட்டக் கூடாது. வெளியே, ஒரே ஒரு முறை. 2014 ஜூலை 8, பெலோ ஒரிஸான்டே, உலகக் கோப்பை அரையிறுதி, பிரேசிலும் ஜெர்மனியும். நெய்மருக்குக் காயம், தியாகோ சில்வா சஸ்பெண்ட் என்று தெரிந்தும் பிரேசிலைப் பிளஸ் 0.25-ல் வாங்கினேன். டிரா ஆனால்கூடப் பாதி ஜெயிப்பு என்று கணக்கு. ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிற மகராசி! 29-வது நிமிடத்தில் ஜெர்மனி 5–0. என் கால் கோலை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று தெரியாமல் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்று இரவு ஷிஃப்ட் வேறு.

முடிந்த ஸ்கோர் உங்களுக்குத் தெரியும், 1–7. போய் ஹெட்செட்டை மாட்டியதும் வந்த முதல் போனே ஒரு பிரேசில்காரருடையது. பிரேசிலில் பிறந்தவர் என்ற அர்த்தத்தில் இல்லை, பிரேசில்மேல் கட்டியவர். இடைவேளையில் 0–5 இருக்கும்போது பிளஸ் 1-ல் வாங்கியிருந்தார். நான் சீட்டைத் திறந்து பார்த்தேன். இரண்டாம் பாதி மட்டும்தான் அவருக்கு. ஷூர்லே இரண்டு, 69-லும் 79-லும். பிறகு 90-வது நிமிடத்தில் ஆஸ்கர் ஒன்று. மைதானத்தில் யாரும் கொண்டாடாத கோல் அது. "இரண்டாம் பாதி 1–2 சார். உங்களுக்கு பிளஸ் 1. சமம். கட்டினது முழுசா திரும்பும்" என்றேன்.

"அந்த ஆஸ்கர் கோல் இல்லேன்னா?"

"முழுசா போயிருக்கும் சார்."

கொஞ்ச நேரம் பேச்சு இல்லை. "அந்தத் தம்பி எதுக்கும்மா கடைசி நிமிஷம் வரைக்கும் ஓடினான்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் போனை வைத்துவிட்டார்.